காட்டுச் சாலையில் எந்த வண்டி, எந்த நேரம்? உங்கள் கருத்தைச் சொல்லும் வழிகள்

(கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களுக்கான முகாம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. உங்கள்ல எத்தனை பேர் பண்ணாரியிலிருந்து திம்பம் மலைப்பாதையில் ஏறியிருக்கீங்க? கை தூக்குங்க. பாதிக்கு மேல இருக்கீங்க, நல்லது. அப்போ அந்த 27 கொண்டை ஊசி வளைவையும் நான் வர்ணிக்கத் தேவையில்லை.

அடுத்த கேள்வி. அந்தச் சாலையில் எந்த நேரத்தில் எந்த வண்டி போகலாம்னு முடிவெடுக்கும்போது, உங்கள்ல எத்தனை பேர் கருத்து சொல்லியிருக்கீங்க?

ஒரு கையும் இல்லை. பரவாயில்லை, என் கையும் தூக்கவில்லை. இன்றைக்கு நான் பேச வந்ததே அதைப் பற்றித்தான்.

என் பெரியம்மா வீடு தாளவாடிப் பக்கம். பெரியப்பா முட்டைக்கோஸ் போடுவார். சின்ன வயசில் லீவு விட்டால் அங்கேதான் இருப்பேன். சாயங்காலம் கோஸ் அறுத்து, மூட்டை பிடித்து, ராத்திரி லாரியில் ஏற்றி அனுப்புவாங்க. விடியறதுக்குள் கீழே மார்க்கெட்டுக்குப் போய்விடும். எனக்குத் தெரிந்த திம்பம் சாலை அதுதான். ராத்திரி லாரி போகிற சாலை.

அதே சாலைக்கு இன்னொரு முகமும் இருக்கு. அது சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் நடுவே போகிறது. 2013-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட அந்தக் காடு ஏறக்குறைய 1,400 சதுர கிலோமீட்டர். யானை, சிறுத்தை, புலி, மான், கரடி எல்லாம் அங்கே இருக்கு. கோயம்புத்தூரையும் பெங்களூருவையும் இணைக்கிற தேசிய நெடுஞ்சாலை அவற்றின் வீட்டுக்குள்ளே போகுது.

ஒரு நாள் விடியற்காலையில் பெரியப்பாவோடு ஜீப்பில் இறங்கும்போது, வளைவு ஓரத்தில் ஒரு கழுதைப்புலி அடிபட்டுக் கிடந்தது. பெரியப்பா வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டு, "இது ராத்திரி வேலைக்குப் போற ஜீவன் பாப்பா. அது வேலைக்குப் போற நேரத்தில் நாமதான் குறுக்க வர்றோம்" என்றார். அவரும் ராத்திரி லாரி அனுப்புகிறவர்தான். அவருக்கு ரெண்டு பக்கமும் தெரியும்.

ஓர் ஆணை, மூன்று ஆண்டு மௌனம்

2019 ஜனவரியில் ஈரோடு மாவட்ட நிர்வாகம் இந்தச் சாலையில் இரவு நேரப் போக்குவரத்தைத் தடை செய்து ஆணை பிறப்பித்தது. பத்திரிகையில் செய்தி வந்தது. அப்போது நான் இதழியல் மாணவி. செய்தியைப் படிப்பதுதான் என் பாடம். படித்தேன். அடுத்த பக்கம் திருப்பினேன். பெரியம்மாவுக்கு ஒரு போன்கூடப் போடவில்லை.

அந்த ஆணை நடைமுறைக்கு வரவில்லை. வராததால் யாருக்கும் பதற்றமும் இல்லை. மூன்று ஆண்டுகள் அது காகிதத்தில் இருந்தது. பிறகு ஒரு பொதுநல வழக்கு. 2022 பிப்ரவரி 8 அன்று, அந்த ஆணையைச் செயல்படுத்தச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பிப்ரவரி 10 முதல் கனரக வண்டிகளுக்கு மாலை 6 முதல் காலை 6 வரையும், இலகு ரக வண்டிகளுக்கு இரவு 9 முதல் காலை 6 வரையும் தடை.

அப்போதுதான் எல்லாருக்கும் ஆணை ஞாபகம் வந்தது. கடையடைப்பு நடந்தது. மறியல் நடந்தது. பெரியம்மா போனில் அழுதாங்க. "சாயங்காலம் அறுத்த கோஸை எங்க கொண்டுபோய் வைக்கறது? இனிமே மொட்டை வெயில்ல அறுத்து, ஆறு மணிக்குள்ள பண்ணாரி தாண்டணுமாம்!"

அவங்க இன்னொன்றும் சொன்னாங்க. அதுதான் இன்றைய பேச்சில் முக்கியமான விஷயம். "ஆம்புலன்ஸை விடுவாங்களாம். ஆனா எங்க ஊர்ல பிரசவ வலின்னா ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க மாட்டோமே, பக்கத்து வீட்டு ஜீப்புலதானே ஏத்துவோம்!"

யோசித்துப் பாருங்க. தடை ஆணை எழுதுகிற எந்த அதிகாரியும் ஆம்புலன்ஸுக்கு விலக்கு என்று எழுதத்தான் செய்வார். அதில் அக்கறைக் குறைவு எதுவும் இல்லை. ஆனால் அந்த மலைக்கிராமத்தில் நோயாளி ஆம்புலன்ஸில் இல்லை, பக்கத்து வீட்டு ஜீப்பில் இருக்கிறார் என்ற தகவல் அந்த ஊர்க்காரருக்குத்தான் தெரியும். அந்த ஒரு வரி, 2019-லேயே ஒரு வெள்ளைத்தாளில் போயிருக்கலாம். எழுதத் தெரிந்த நான் எழுதவில்லை.

2022 ஏப்ரலில் நீதிமன்றம் தன் உத்தரவைத் தளர்த்தியது. உள்ளூர் மக்களின் வண்டிகளுக்கு விலக்கு கிடைத்தது. 16.2 டன்னுக்கு மேற்பட்ட கனரக வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வந்தது. அதாவது, சாலை முழுசாகத் திறக்கவும் இல்லை, முழுசாக மூடவும் இல்லை. யாருக்கு, எந்த வண்டிக்கு, எந்த நேரத்தில் என்று பிரிக்கப்பட்டது. காட்டுக்கும் ஓய்வு, ஊருக்கும் வழி. இந்த இடத்துக்கு வந்து சேர எத்தனை மறியல், எத்தனை நாள் கூலி இழப்பு!

கேள்வியே தப்பு

காட்டுச் சாலை என்று பேச்சு வந்தாலே நாம் ரெண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறோம். "காட்டைக் காப்பாத்துங்க, வண்டியை நிறுத்துங்க" என்று ஒரு கட்சி. "மனுசனை விட மிருகம் பெருசா?" என்று இன்னொரு கட்சி. வாட்ஸ்அப் குழுவில் ராத்திரி முழுக்க இந்தச் சண்டை ஓடும். காலையில் எந்த முடிவும் மாறியிருக்காது.

விடலாமா, வேண்டாமா என்ற கேள்வியே தப்பு என்கிறேன். எந்த வண்டி? எந்த நேரம்? எந்தப் பருவம்? யாருடைய வண்டி? இந்த நாலு கேள்வியும்தான் சரியான கேள்வி.

இதை ஒரு நாடு விதியாகவே எழுதி வைத்திருக்கு. அமெரிக்காவில் தேசிய வனங்கள் பொதுமக்களின் நிலம். அங்கே காட்டுத் தடங்களில் மோட்டார் சைக்கிள், ஜீப் ஓட்டுகிறவர்கள் அதிகம். கண்ட இடத்தில் ஓட்டி, மண் அரித்து, ஓடைகள் கலங்கின. அதனால் 2005-இல் அவர்களின் வனத்துறை ஒரு விதி கொண்டு வந்தது. ஒவ்வொரு தேசிய வனமும், மக்களின் கருத்தைக் கேட்டு, எந்தத் தடத்தில் எந்த வகை வண்டி, ஆண்டின் எந்த மாதங்களில் போகலாம் என்று குறித்து ஒரு வரைபடம் வெளியிட வேண்டும். வரைபடத்தில் இல்லாத தடத்தில் வண்டி ஓட்டினால் குற்றம். ஒரே காட்டில் ஒரு தடம் மோட்டார் சைக்கிளுக்கு மட்டும், இன்னொரு தடம் எல்லா வண்டிக்கும், வேறொன்று சில மாதங்களுக்கு மட்டும் என்று இருக்கும். நம்ம காடு வேறு, நம்ம மக்கள் வாழ்க்கை வேறு. அங்கே பெரும்பாலும் பொழுதுபோக்குக்கான தடம், இங்கே பிழைப்புக்கான சாலை. ஆனால் கேள்வியைப் பிரித்துக் கேட்கிற முறையை நாம எடுத்துக்கலாம்.

நமக்கு இருக்கிற வாசல்கள்

"சரிக்கா, கருத்து சொல்லணும்னா எங்க சொல்றது?" என்று கேட்பீங்க. நாலு வாசல் சொல்றேன். போனில் குறித்துக்கொள்ளுங்க.

முதல் வாசல், வரைவு அறிவிக்கை. தேசியப் பூங்கா, சரணாலயம் இவற்றைச் சுற்றி சூழல் உணர்திறன் மண்டலம் அறிவிக்கும்போது, மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் முதலில் வரைவை அரசிதழில் வெளியிடும். அரசிதழ் பொதுமக்களுக்குக் கிடைக்கும் நாளிலிருந்து 60 நாட்களுக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபமோ ஆலோசனையோ எழுதி அனுப்பலாம். அனுப்ப வேண்டிய முகவரியும் மின்னஞ்சலும் அந்த வரைவிலேயே இருக்கும்.

இந்த வரைவில் எதைத் தேடணும்? முதலில் பின்னிணைப்புக்குப் போங்க. மண்டலத்துக்குள் வரும் கிராமங்களின் பட்டியல் இருக்கும். உங்க ஊர் பெயர் இருக்கா பாருங்க. அடுத்து, ஒழுங்குபடுத்தப்படும் செயல்களின் அட்டவணை. அதில் இரவு நேர வாகனப் போக்குவரத்து, இருக்கும் சாலைகளை அகலப்படுத்துவது போன்ற வரிகள் வழக்கமாக இடம்பெறும். "ஒழுங்குபடுத்தப்படும்" என்றால் தடை என்று பொருள் இல்லை. நிபந்தனையோடு அனுமதி என்று பொருள். இது புரியாமல் பீதி அடைகிறவர்கள் பலர்.

அரசிதழ் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வரும். போனில் மொழிபெயர்ப்புச் செயலி வைத்து விஷயத்தைப் பிடிக்கலாம். ஆனால் கிராமப் பெயர், எல்லை, எண்கள் ஆகியவற்றை மூலப் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்க. செயலி அங்கேதான் சறுக்கும்.

இறுதி அறிவிக்கை வந்தபிறகும் கதவு மூடுவதில்லை. மாநில அரசு 2 ஆண்டுகளுக்குள் உள்ளூர் மக்களைக் கலந்து மண்டலப் பெருந்திட்டம் தயாரிக்கணும் என்று அந்த அறிவிக்கைகளே சொல்கின்றன. வாகனப் போக்குவரத்தை எப்படி ஒழுங்குபடுத்துவது என்பது அந்தத் திட்டத்தில்தான் எழுதப்படும். 60 நாள் போச்சே என்று கைவிட்டுடாதீங்க.

இரண்டாவது வாசல், கிராம சபை. நம்ம மாநிலத்தில் ஆண்டுக்கு ஆறு நாட்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பெரும்பாலும் தெருவிளக்கும் குடிநீரும் பேசி முடித்துவிடுகிறோம். காட்டுச் சாலையும் அங்கே பேச வேண்டிய விஷயம்தான். புலிகள் காப்பகத்தின் வெளிவட்டப் பகுதியை வரையறுக்கும்போது கிராம சபையைக் கலந்தாலோசிக்கணும் என்று வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமே சொல்லுது.

இங்கே மலைக்கிராமத்திலிருந்து வந்த தம்பி தங்கைகளுக்கு ஒன்று. கருத்து என்றால் வண்டி வேண்டாம் என்பது மட்டும் இல்லை. எங்க ஊருக்குச் சாலை வேணும் என்பதும் கருத்துதான். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் பள்ளி, மருத்துவமனை, சாலை என 13 வகை வசதிகளுக்கு வன நிலத்தைப் பயன்படுத்த வழி வைத்திருக்கு. ஒவ்வொன்றுக்கும் 1 ஹெக்டேருக்குக் குறைவான நிலம், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது என்பது அளவு. இதற்குக் கிராம சபையின் பரிந்துரை கட்டாயம். ஊராளி, சோளகர் மக்கள் வாழும் ஊர்களில் சாலை இல்லாமல் நோயாளியைத் தொட்டில் கட்டித் தூக்கி வரும் நிலை இருந்தால், முதல் காகிதம் கிராம சபைத் தீர்மானம்தான். தீர்மானப் பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்து, நகல் வாங்கி, போனில் படம் எடுத்து வெச்சுக்கோங்க.

மூன்றாவது வாசல், மனு. திங்கட்கிழமை தோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்குது. நேரில் போக முடியாதவங்களுக்கு 1100 என்ற முதல்வரின் உதவி எண் இருக்கு. கருத்துக் கேட்பு என்று யாரும் அழைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆணை காகிதத்தில் தூங்குகிற காலமும் மனு கொடுக்கிற காலம்தான். மனு எண்ணை மட்டும் தவறாமல் குறித்து வையுங்க.

நான்காவது வாசல், தகவல் அறியும் உரிமை. எந்தப் புள்ளிவிவரத்தை வைத்துச் சாலையை மூடினார்கள், அல்லது எந்த ஆய்வை வைத்து அகலப்படுத்துகிறார்கள் என்று தெரியாமல் கருத்து எழுதினால் காற்றில் கம்பு சுற்றுவது போலத்தான். 10 ரூபாய் கட்டணம். 30 நாட்களுக்குள் பதில் தரணும். அதனால் முதல் வாசலில் 60 நாள் ஓடும்போது, முதல் வாரத்திலேயே இந்த விண்ணப்பத்தைப் போட்டால்தான் பதில் கைக்கு வந்தபிறகு எழுத நேரம் இருக்கும்.

எப்படி எழுதுவது?

கருத்துக் கேட்பு வாக்கெடுப்பு இல்லை. ஒரே வாசகத்தை 500 பேர் ஃபார்வர்டு செய்து அனுப்பினாலும் அதில் இருக்கும் தகவல் ஒன்றுதான். 500 பேர் ஆளுக்கொரு உண்மையை எழுதினால் 500 தகவல்.

"இரவுத் தடை எங்கள் வாழ்வாதாரத்தை அழிக்கும், உடனே ரத்து செய்க" என்பது ஒரு மனு. உணர்ச்சி இருக்கு, தகவல் இல்லை. இதையே இப்படி எழுதிப் பாருங்க:

"நான் தாளவாடி வட்டத்தில் 3 ஏக்கரில் முட்டைக்கோஸ் பயிரிடுகிறேன். மதியம் 3 மணிக்கு மேல் அறுவடை செய்து, இரவு 8 மணிக்கு லாரியில் ஏற்றுகிறோம். மாலை 6 மணித் தடையால் வெயிலில் அறுக்க வேண்டியுள்ளது. காய் வாடி விலை குறைகிறது. இந்த வட்டத்தில் பதிவான, காய்கறி ஏற்றிய சிறிய லாரிகளுக்கு மட்டும் இரவு 9 மணி வரை, குறைந்த வேகத்தில், அனுமதி தரக் கோருகிறேன். நள்ளிரவில் தடை தொடர்வதில் எனக்கு ஆட்சேபமில்லை."

பாருங்க, எவ்வளவு வித்தியாசம்! யார், எங்கே, எத்தனை மணிக்கு, என்ன பாதிப்பு, என்ன மாற்று எல்லாம் இருக்கு. முடிவெடுப்பவர் இதை ஒரு நிபந்தனையாக அப்படியே எழுதிவிடலாம். காட்டின் பக்கம் நின்று எழுதுகிறவர்களுக்கும் இதே விதிதான். "விலங்குகள் சாகின்றன" என்று எழுதினால் போதாது. எந்த வளைவு, எந்த நேரம், என்ன விலங்கு, எத்தனை முறை பார்த்தீங்க, வேகத்தடையா, நேரக் கட்டுப்பாடா, எது வேணும் என்று எழுதுங்க. ஆசனூர், காரப்பள்ளம் பக்கம் கரும்பு லாரியை யானை மறிக்கும் வீடியோ எல்லார் போனிலும் இருக்கு. சிரித்துவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடுகிறோம். அளவுக்கு மீறிக் கரும்பு ஏற்றுவதாலும், ஓட்டுநர்கள் கரும்பைத் தூக்கிப் போட்டுப் பழக்கியதாலும் யானை சாலைக்கு வருகிறது. நீங்க நேரில் எடுத்த வீடியோவில் நாளும் இடமும் இருந்தால் அது வெறும் வேடிக்கை இல்லை, ஆதாரம். எடுப்பதற்காக வண்டியை விட்டு மட்டும் இறங்கிடாதீங்க!

சுற்றுலா போகிறவர்களுக்கும் பங்கு உண்டு

"நான் கோயம்புத்தூர்க்காரன், எனக்கு என்ன?" என்று நினைக்கலாம். ஊட்டி, கொடைக்கானல் போக இ-பாஸ் எடுக்கிறீங்களே, அதுவும் இதே விஷயம்தான். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி. கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று வரம்பும் வந்தது. உள்ளூர் வண்டிகளுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் கட்டுப்பாடு இல்லை.

அந்த மலைகள் எத்தனை வண்டியைத் தாங்கும் என்று ஆராயும் பணி சென்னை ஐஐடிக்கும் பெங்களூரு ஐஐஎம்முக்கும் தரப்பட்டது. இ-பாஸ் படிவத்தில் எத்தனை பேர், எத்தனை நாள், எங்கே தங்கல் என்று கேட்பது சும்மா இல்லை. நாலு பேர் போகும்போது அவசரத்தில் ரெண்டு என்று போட்டால், அந்த மலையைப் பற்றிய கணக்கில் ஒரு பொய் சேர்கிறது. படிவத்தை உண்மையாக நிரப்புவதும் ஒரு கருத்துதான்.

ஒரு மாணவியின் கேள்வி

போன வாரம் இன்னொரு முகாமில் இதையே பேசினேன். ஒரு மாணவி எழுந்து கேட்டாங்க: "எல்லாம் எழுதிக் கொடுத்தும் நாங்க சொன்னதைக் கேட்கலைன்னா?"

நியாயமான கேள்வி. கேட்காமலும் போகலாம். கருத்து கேட்பது என்றால் கேட்டபடி நடப்பது என்று பொருள் இல்லை. ஒரு சாலையில் உங்க தேவையும் இன்னொருத்தர் தேவையும் யானையின் தேவையும் மோதும். மூன்றுக்கும் முழுசாக ஆமாம் சொல்ல முடியாது. ஆனால் எழுத்தில் போன கருத்து கோப்பில் இருக்கும். அதை ஏன் ஏற்கவில்லை என்று கேட்கலாம். மேல்முறையீடு போகலாம். கடைசி வழியாக நீதிமன்றம் போனாலும், "நாங்க இந்தத் தேதியிலேயே சொன்னோம்" என்று காட்டலாம். சொல்லாதவரிடம் காட்ட ஒன்றும் இல்லை. 2022 பிப்ரவரியில் எங்க வீட்டில் அப்படித்தான் இருந்தது.

இன்றைக்குப் பெரியப்பாவிடம் உள்ளூர்க்காரர் என்பதற்கான ஆதாரம் வண்டியிலேயே இருக்கு. கோஸ் லோடு ஏற்றும் நேரத்தையும் மாற்றிக்கொண்டாங்க. பக்கத்து வீட்டு ஜீப் நோயாளியோடு இறங்குது. நள்ளிரவில் அந்த வளைவுகள் முன்பைவிட அமைதியாக இருக்கு. "அதுகளும் கொஞ்சம் நிம்மதியா நடக்கட்டும்" என்கிறார் பெரியப்பா.

மலையேறுவதற்கு முன் அன்றைய நேரக் கட்டுப்பாட்டைச் சரிபார்த்துக்கோங்க, விதிகள் மாறலாம். அடுத்த கிராம சபைக்கு இன்னும் எத்தனை நாள் என்று இப்போதே போனில் ஒரு நினைவூட்டல் வையுங்க. அந்தக் கூட்டத்துக்கு உங்க வீட்டுப் பெரியவங்களோடு போங்க. ராத்திரி அந்தச் சாலையில் என்ன நடக்குதுன்னு அவங்களுக்குத் தெரியும். அதை எழுத உங்களுக்குத் தெரியும்.